முதலில் பிரசங்கத்தை நிறுத்துங்கள்

அகதிகளின் மனக்காயத்தை ஆற்றப் போகும் கிறிஸ்தவ ஊழியர்களுக்கு வடகிழக்கு இலங்கையும் தமிழக முகாம்களும் வைத்திருக்கும் பாடங்கள்

யோபுவின் நண்பர்கள் மூவருக்கும் நல்ல பெயர் கிடையாது. பிள்ளைகள், சொத்து, உடல்நலம் எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருந்தவனிடம், நீ ஏதோ தப்புச் செய்திருப்பாய், இல்லாவிட்டால் கடவுள் ஏன் தண்டிக்கப்போகிறார் என்று மாற்றி மாற்றி வாதாடியவர்கள். அதற்கு முன்னால் அவர்கள் செய்ததை யாரும் அதிகம் சொல்வதில்லை. ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு யோபு வாயைத் திறந்து, தான் பிறந்த நாளையே சபித்துப் புலம்பினான். அந்தப் புலம்பலைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். அதிகாரம் அதிகாரமாகச் சொன்னார்கள்.

போரில் தப்பி வந்தவர்களிடம் போகும் குருவானவர், கன்னியாஸ்திரீ, பாஸ்டர், உபதேசியார் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். தெரிந்தும், எதிரில் இருப்பவர் அழத் தொடங்கிய இரண்டாவது நிமிடம் வாயில் வசனம் வந்துவிடுகிறது. ‘கடவுளுக்கு ஒரு திட்டம் இருக்கும்.’ ‘தாங்க முடியாத சோதனையை அவர் தருவதில்லை.’ ‘உயிரோடாவது இருக்கிறீர்களே, அதற்கு நன்றி சொல்லுங்கள்.’ சொல்பவரின் நோக்கத்தில் குற்றமில்லை. அவருக்குப் பயம். இந்தத் துக்கத்துக்குத் தன்னிடம் பதில் இல்லையே என்ற பயம். மனக்காயப் பராமரிப்பு என்ற பெயரில் இன்று திருச்சபை ஊழியர்களுக்கு நடக்கும் பயிற்சிகளில் பாதி, இந்தப் பயத்தோடு சும்மா உட்காரப் பழக்குவதுதான் என்பது என் எண்ணம். மறு பாதி, அந்த மக்கள் எப்படி அழுவார்கள், யாரிடம் அழுவார்கள், இறந்தவரை எப்படி அனுப்பிவைப்பார்கள் என்று தெரிந்துகொள்வது. இந்த இரண்டாவது பாதி, சொந்த மக்கள் நடுவில் வேலை செய்பவருக்கும் அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

தேவாலயத்துக்குத்தான் ஓடினார்கள்

மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய வேலையைச் சாமியார் ஏன் பார்க்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஷெல் விழுந்தபோது ஜனங்கள் ஓடிய இடத்தில் சாமியார் இருந்தார் என்பதுதான் பதில். 1990இல் இலங்கையின் உள்நாட்டுப் போர் மறுபடி மூண்டபோது மன்னாரின் மடு மாதா திருத்தலம் பெரிய அகதி முகாமாயிற்று, ஐ.நா. அகதிகள் ஆணையம் அங்கே திறந்த நிவாரண மையம் ஒன்றை நடத்தியது. சைவர்களும் மடுவுக்கு நேர்த்தி வைத்துப் போவது போருக்கு எவ்வளவோ முந்திய வழக்கம் என்பதால், அங்கே அடைக்கலம் தேடுவதில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. 1995 ஜூலை 9ஆம் தேதி யாழ்ப்பாணத்து நவாலியில், புனித பேதுரு தேவாலயத்தில் ஒதுங்கியிருந்தவர்கள் மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் நான்கைந்து லட்சம் பேர் வீதிக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம், கோயில், தேவாலய மண்டபம் என்று கூரை இருந்த இடமெல்லாம் படுத்தார்கள்.

அந்தக் காலத்தில் வடக்கில் மனநல மருத்துவர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். அவர்களில் ஒருவரான பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் ஒரு சமூகத்தின் மனத்தை என்ன செய்கிறது என்பதை 1998இல் வெளிவந்த ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ என்ற நூலில் எழுதினார். காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் ஒருவர்மேல் ஒருவருக்கிருந்த நம்பிக்கையையும் சேர்த்தே உடைக்கிறது என்பது அவர் தொடர்ந்து வலியுறுத்திவரும் கருத்து. அப்படியானால் மருந்துச் சீட்டு மட்டும் எப்படிப் போதும்? ஆசிரியர், கிராம அலுவலர், சுகாதார ஊழியர், நாட்டு வைத்தியர், குருமார் என ஊர் ஏற்கெனவே நம்பும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது என்று முடிவாயிற்று. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் சேர்ந்து 1996இல் வெளியிட்ட அகதிகள் மனநலக் கையேடு, தமிழ்ச் சமூகத்துக்கு ஏற்ப மாற்றி எழுதப்பட்டது. யாழ்ப்பாணத்தின் ‘சாந்திகம்’ போன்ற நிறுவனங்கள் உளவளத்துணையாளர்களை உருவாக்கின.

அந்தப் பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம். பதற்றத்தில் மூச்சு முட்டுகிறவருக்கு மூச்சை ஒழுங்குபடுத்தவும் மனத்தை ஒன்றில் நிறுத்தவும் சொல்லித்தர வேண்டும். மேல்நாட்டுப் பாடநூலில் அதற்குத் தசைத் தளர்வு முறைகள் உண்டு. இங்கே சோமசுந்தரமும் சக ஊழியர்களும் வேறு வழியில் போனார்கள். சைவர் என்றால் பிரணவ மந்திரம், கத்தோலிக்கர் என்றால் ஜெபமாலை, இஸ்லாமியர் என்றால் சுப்ஹானல்லாஹ், பௌத்தர் என்றால் புத்தம் சரணம். கூடவே பிராணாயாமம், சாந்தி ஆசனம். திரும்பத் திரும்பச் சொல்லும்போது மூச்சு தானாகச் சீராகிறது. அம்மம்மா சொல்லித்தந்ததைத்தான் சொல்கிறோம் என்பதால் கேட்பவருக்கு அந்நியமாக இல்லை.

ஒரு கத்தோலிக்க ஊழியரின் நிலையிலிருந்து இதை யோசித்துப் பாருங்கள். எதிரில் இருப்பவர் சைவர். தன் கையில் ஜெபமாலை. ஆனாலும் அவரிடம், ‘உங்கள் மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே மூச்சை விடுங்கோ’ என்று சொல்ல வேண்டும். இதைச் சங்கடமில்லாமல் சொல்ல முடிகிறவர் பயிற்சியில் பாதிக் கிணறு தாண்டிவிட்டார்.

அலைக்குப் பின் வந்த அலை

2004 டிசம்பர் சுனாமியில் இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்கடுத்த வாரங்களில் உலகத்தின் நாலா திசையிலிருந்தும் மனநல ஆலோசகர்கள் வந்து இறங்கினார்கள். சிலர் நல்ல நிபுணர்கள். சிலர் சில நாள் வகுப்பில் படித்ததை இங்கே பரீட்சித்துப் பார்க்க வந்தவர்கள். மத அமைப்புகளும் வந்தன. சாமான், தொப்பி, சட்டையில் சின்னம், மொழிபெயர்ப்பாளர் சகிதம். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஈத்தன் வாட்டர்ஸ் 2010இல் எழுதிய ‘கிரேஸி லைக் அஸ்’ நூலில் இந்தக் கூத்துக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார்.

அவர்கள் கையிலிருந்த வினாத்தாள்கள், கெட்ட கனவு வருகிறதா, சம்பவம் கண்முன் வருகிறதா, திடுக்கிடுகிறீர்களா என்று கேட்டன. தவறான கேள்விகள் அல்ல. ஆனால் உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ இலங்கை மக்களிடமே அவர்களின் துன்பத்தை விவரிக்கச் சொல்லிக் கேட்டபோது, உடல் நோவும் உறவு முறிவும்தான் முன்னுக்கு வந்தன. குடும்பத்தில் தன் இடம் போயிற்று, ஊரில் தன் கடமையைச் செய்ய முடியவில்லை என்பதையே பாதிப்பாகச் சொன்னார்கள். தலைக்குள் ஒரு காயம், அதன் விளைவாக வெளியே சிக்கல் என்று மேல்நாட்டுக் கையேடு பிரிக்கிறது. இவர்களுக்கு வெளியே உடைந்ததே காயம்.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஓர் அம்மாவிடம் போய், ‘அப்போது நீங்கள் எப்படி உணர்ந்தீர்கள்?’ என்று கேட்டால், அவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ‘நித்திரை வருதோ அம்மா? சாப்பிடுறீங்களோ?’ என்று கேட்டால் பேசுவார். நெஞ்சுக்குள்ள எரியுது, தலை இடிக்குது, ஒரே யோசினை. இடையிடையே ஒரு பெருமூச்சு. இதைக் கேட்டுவிட்டு ‘அல்சருக்குப் பாருங்கோ’ என்று அனுப்புகிறவர் கோட்டை விடுகிறார். ‘உங்களுக்கு மனநோய்’ என்கிறவர் அந்த அம்மாவை நிரந்தரமாக இழக்கிறார். ஊரில் விசர் என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் மகளின் கலியாணம் வரை அது நிற்கும்.

இதே மட்டக்களப்பில் இன்னொரு மாதிரி வேலையும் நடந்திருக்கிறது. 1996இல் இயேசு சபைக் குரு பால் சற்குணநாயகம், கனடாவின் கலைஞர் பால் ஹோகன் இருவரும் மற்றவர்களோடு சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் பஸ்ஸில் வருவார்கள். களிமண், வண்ணம், பாட்டு, கதை, நாடகம், செடிகொடி, வளர்ப்புப் பிராணிகள். என்ன நடந்தது, சொல்லு என்று யாரும் பிள்ளையை உட்காரவைத்துக் கேட்கும் ஏற்பாடு அது இல்லை. பிள்ளை தானே ஒரு நாள் களிமண்ணில் எதையாவது பிடிக்கும், அதைப் பற்றிக் கதைக்கும், அல்லது கதைக்காது. நடத்தியவர் குருவானவர், ஆனால் ஞாயிறு மறைக்கல்வி அங்கே இல்லை. ஒரு முஸ்லிம் தகப்பன் தன் பிள்ளையை நம்பி அந்த பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டுமென்றால் வேறு வழியும் இல்லை.

பூசை வைக்கலாமா?

பண்பாடு தெரிந்து நடப்பது என்றால் வணக்கம் சொல்வது, செருப்பைக் கழற்றுவது என்று நினைப்பவர்களுக்கு, போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் சோதனை காத்திருக்கிறது.

உடல் இருந்தால் துக்கத்துக்கு ஒரு வழி உண்டு. செத்தவீடு, எட்டு, முப்பத்தொன்று, அந்தியேட்டி, பிறகு வருடந்தோறும் திவசம். கத்தோலிக்கருக்கு அடக்கப் பூசை, முப்பதாம் நாள் பூசை, நவம்பரில் சேமக்காலையில் மெழுகுதிரி. உடல் இல்லாதபோது இத்தனை படிகளில் ஒன்றிலும் கால்வைக்க முடியாது. அமெரிக்கக் குடும்ப சிகிச்சை நிபுணர் பாலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று விவரித்தார். போய்விட்டார் என்றும் சொல்ல முடியாது, இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. இதில் உள்ளவரைப் பார்த்து, ‘யதார்த்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது சிகிச்சை ஆகாது என்பது அவருடைய அழுத்தமான கருத்து.

வன்னியில் ஒரு தாயிடம், ‘மகனுடைய ஆன்ம இளைப்பாற்றிக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுப்போமா?’ என்று பங்குக் குரு கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஆறுதலாகத்தான் கேட்கிறார். தாய்க்கு அது, மகனை நீயே செத்தவனாக்கு என்று கேட்பதற்குச் சமம். 2016இல் இலங்கை அரசு, மரணச் சான்றிதழுக்கு மாற்றாக, காணாமற்போனதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்கச் சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரத்தில் உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது உளவளத்துணை அல்ல. பிள்ளை எங்கே என்ற பதில். கொட்டகையில் போய் அருகில் உட்கார்ந்து, கையிலிருக்கும் புகைப்படத்தைப் பார்த்து, ‘இது எந்த வயதில் எடுத்தது?’ என்று கேட்பதுதான் அங்கே ஊழியம். பூசை வேண்டுமென்றால், உயிரோடு இருக்கிறவருக்காகவும் பூசை வைக்கலாம் என்பது எந்தக் குருவுக்கும் தெரிந்ததே.

இன்னும் கடினமான ஒன்று உண்டு. கிழக்கில், மகனைத் தேடும் தாய் அம்மன் கோயிலுக்குப் போய் வாக்குக் கேட்பார். தெய்வமாடுபவர் மேல் அம்மன் இறங்கி, அவன் இருக்கிறான் என்றோ இல்லை என்றோ சொல்லும். மானிடவியலாளர் பட்ரிஷியா லாரன்ஸ் போர்க்கால மட்டக்களப்பில் நெடுநாள் இதை ஆராய்ந்தவர். வெளியே யாரும் வாய்திறக்க முடியாத நாட்களில், நடந்த கொடுமையைக் கூட்டத்துக்கு நடுவே உரக்கச் சொல்ல இடம் கொடுத்தது அந்தக் கோயில் வாசல் என்கிறது அவருடைய ஆய்வு. ஆவிக்குரிய சபைகளில் பயின்ற ஓர் ஊழியருக்கு இது பிசாசின் வேலை. ‘இனி அங்கே போகாதீர்கள்’ என்பதுதான் அவருக்கு முதலில் வரும் வார்த்தை. அவருடைய நம்பிக்கையை மாற்றச் சொல்ல நான் யார்? ஆனால் அவர் தன் நம்பிக்கையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ‘அம்மன் என்ன சொன்னா? அதைக் கேட்ட பிறகு உங்களுக்கு எப்படி இருந்தது?’ என்று கேட்கத் தெரிய வேண்டும். கேட்க முடியாவிட்டால் சைவ அகதிகள் நடுவே அவர் வேறு வேலை பார்ப்பது நல்லது. அரிசி மூட்டை எண்ணுவதும் ஊழியம்தான்.

ஈராக்கின் சிறுபான்மை மதத்தவரான யசீதிகளின் கதையும் இதையே சொல்கிறது. 2014 ஆகஸ்டில் சிஞ்சாரில் ஐ.எஸ். படையினர் பிடித்துப்போய் அடிமைகளாக விற்ற பெண்கள் தப்பி வந்தபோது, அவர்களைச் சமூகம் சேர்த்துக்கொள்ளுமா என்பதே பெரும் கேள்வி. வெளியாரோடு உறவு ஏற்பட்டால் சமூகத்துக்கு வெளியே என்பது பழைய கட்டுப்பாடு. யசீதிகளின் மதத் தலைவரான பாபா ஷேக், இவர்கள் நம் பிள்ளைகள், குற்றமில்லாதவர்கள், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார். லாலிஷ் திருத்தலத்து ஊற்று நீரில் அந்தப் பெண்களுக்குச் சடங்கு செய்து ஏற்றார்கள். ஆயிரம் மணி நேர ஆலோசனை தர முடியாத ஒன்றை அந்த நீர் கொடுத்தது. அங்கே உதவப் போன வேற்று மதத்தார் யாராயினும் செய்யக்கூடிய சிறந்த சேவை, லாலிஷுக்கு வண்டி ஏற்பாடு செய்து கொடுப்பதாகவே இருந்திருக்கும்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உளவியல்

கிறிஸ்தவ ஊழியரிடம் மற்ற ஆலோசகர்களிடம் இல்லாத சில கருவிகள் உண்டு. அவை கத்தி மாதிரி. பிடிக்கத் தெரியாவிட்டால் அறுத்துவிடும்.

பாவசங்கீர்த்தனத்தை எடுத்துக்கொள்வோம். கேட்டதைக் குரு உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது. எந்த மருத்துவரின் ரகசியக் காப்பும் இவ்வளவு கடுமையானதில்லை. மக்களுக்கும் அது தெரியும். அதனால் வேறெங்கும் சொல்லாததை அங்கே வந்து சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால் அதைப் பாவமாகச் சொல்வார்கள். காவலில் வன்முறைக்கு உள்ளான பெண் முழந்தாளிட்டு, ‘சுவாமி, நான் கெட்டுப்போயிட்டன்’ என்பாள். போரின் கடைசி நாட்களில் நந்திக்கடல் களப்பைக் கடக்கும்போது கைநழுவிய பிள்ளையின் தாய், ‘நான்தான் விட்டுட்டன்’ என்பாள். பழக்கத்தில் குரு மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்லி மன்னிப்பு வழங்கிவிட்டால், அவள் செய்யாத குற்றத்தைத் திருச்சபையே உறுதிசெய்ததாகிவிடும். இந்த இடத்தில் குரு நிறுத்தி, இது பாவமில்லை அம்மா, இது உங்களுக்கு நடந்த அநியாயம் என்று சொல்ல வேண்டும். அவள் விரும்பினால் வெளியே வந்து வேறிடத்தில் உட்கார்ந்து கதைக்க வழிசெய்ய வேண்டும். பெண் என்றால் பெண்ணிடம் பேச விரும்புகிறாளா என்றும் கேட்க வேண்டும். குருமடங்களில் இந்த ஒரு காட்சியை நடித்துப் பழகினாலே போதும், எவ்வளவோ சேதம் குறையும்.

பெந்தெகொஸ்தே சபைகளில் இதற்கு நேர் எதிரான ஆபத்து. அங்கே எல்லாம் வெளிப்படை. ‘சகோதரி வந்து சாட்சி சொல்லுவாங்க’ என்று மைக்கை நீட்டிவிடுவார்கள். முகாமில் நடந்ததையெல்லாம் நூறு பேர் முன்னால் சொல்லி, முடிவில் இப்போது எனக்குப் பூரண சமாதானம் என்று முடிக்க வேண்டும். அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வராது. மறுநாள் குழாயடியில் அவள் கதை ஊர்க் கதை. காயத்தை ஒரே அமர்வில் முழுக்கக் கிளறவைக்கும் முறையை மருத்துவ உலகமே கைவிட்டுவிட்டது. அதிர்ச்சிக்கு ஆளானவர்களை உடனே உட்காரவைத்து நடந்ததை விவரமாகச் சொல்லவைக்க வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2011இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பாருங்கள், கேளுங்கள், உரிய உதவியோடு இணைத்துவிடுங்கள் என்ற மூன்று காரியங்களோடு நின்றுகொள்கிறது. அதைத் தயாரித்ததில் வேர்ல்ட் விஷன் என்ற கிறிஸ்தவ நிறுவனத்துக்கும் பங்குண்டு.

அந்தக் கையேட்டுக்கு வேதத்தில் ஆதாரம் தேடுவோருக்கு எலியா இருக்கிறார். உயிருக்குத் தப்பி வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச் செடியின்கீழ் விழுந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றவரிடம் தேவதூதன் கொண்டுவந்தது சுட்ட அப்பமும் தண்ணீரும். சாப்பிட்டார், தூங்கினார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். உபதேசம் ஒன்றும் இல்லை.

மன்னிப்பு விஷயத்திலும் இதே அவசரம்தான். 2009இல் போர் முடிந்த பிறகு நல்லிணக்கக் கருத்தரங்குகள் நிறைய நடந்தன. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் மன்னியுங்கள் என்று கேட்டார்கள். மன்னிப்புக் கேட்க எதிரில் ஓர் ஆள் இல்லை. கிறிஸ்தவன் என்றால் மன்னித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி அகதியின் தலையில் இன்னொரு சுமையாக ஏறுகிறது. ஆப்பிரிக்கப் போர்களின் பின்னணியில் உருவாகி 2004இல் நைரோபியில் முதலில் வெளிவந்த, திருச்சபைகளுக்கான மனக்காயப் பயிற்சி நூல் ஒன்று இன்று பல மொழிகளில் புழங்குகிறது. அதில்கூட மன்னிப்புப் பாடம் பின்னால்தான் வரும். முன்னால் வருபவை கேட்பது, துக்கம் காப்பது, புலம்புவது. என்ன நடந்தது, அப்போது எப்படி இருந்தது, அதில் எது மிகக் கஷ்டம் என்று மூன்றே கேள்விகளோடு கேட்கப் பழக்குகிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் தமக்கென ஒரு புலம்பல் பாட்டு எழுதுகிறார்கள்.

இந்தப் புலம்பல் பகுதி தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் புதிதாக இருக்க வேண்டியதே இல்லை. சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்தான். 88ஆம் சங்கீதம் இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு அல்லேலூயாகூட இல்லை. இலங்கையில் 18ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ஓதப்பட்டபோது கோயிலே அழுதது. ஊரில் ஒப்பாரி இருந்தது; மார்பில் அடித்து, இறந்தவனின் பெருமையையும் தன் நாதியற்ற நிலையையும் கடவுளின் கண்ணின்மையையும் வரிசையாகச் சொல்லி அழும் உரிமை பெண்களுக்கு இருந்தது. பிறகு நாகரிகம் வந்தது. மிஷனரிகளின் அடக்கமான அடக்கச் சடங்கும், நகரத்து வெட்கமும் சேர்ந்து அதை அநாகரிகம் ஆக்கின. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டெல்லாம் வெற்றிப் பாட்டு. இப்போது வெளிநாட்டுப் பயிற்றுநர் வந்து, புலம்புவது நல்லது என்று பவர்பாயின்ட் போட்டுக் காட்டுகிறார். கையைத் தட்டுகிறோம்.

கொடுக்கிற கை

அகதி, ஊழியரை எதிர்த்துப் பேச முடியாத நிலையில் இருக்கிறவர். பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ தையல் இயந்திரமோ அந்த ஊழியர் வழியாக வரலாம். ‘ஜெபிக்கட்டுமா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஆகவே கேட்டு அனுமதி பெற்றேன் என்பது மட்டும் போதாது. வேண்டாம் என்று சொன்னாலும் ஒன்றும் குறையாது என்பது அவருக்கு நம்பும்படி தெரிய வேண்டும். உதவி பெறுவதற்கு மதம் நிபந்தனையாகக் கூடாது, உதவியைக் கொண்டு மதத்தைப் பரப்பக் கூடாது என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இலேயே நடத்தை விதி வகுத்துக்கொண்டன. 2018இல் லுத்தரன் உலகப் பேரவையும் இஸ்லாமிக் ரிலீஃப் நிறுவனமும் சேர்ந்து, நம்பிக்கையை மதித்து மனநலப் பணி செய்வதற்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டன. கிறிஸ்தவ நிறுவனமும் இஸ்லாமிய நிறுவனமும் ஒன்றாக உட்கார்ந்து எழுதியது என்பதாலேயே அதைப் படிக்கலாம். மதத்தைத் திணிக்காதே என்பதோடு நில்லாமல், அகதியின் மதத்தைக் கண்டும் காணாததுபோல் விடுவதும் தவறுதான் என்கிறது அது. முகாமில் தொழ இடமில்லை, இறந்தவரைத் தம் முறைப்படி அடக்க வழியில்லை என்றால் அதுவும் மனநலப் பிரச்சினையே.

மண்டபத்திலிருந்து பார்த்தால்

தமிழ்நாட்டின் கதை கொஞ்சம் வேறு. இங்குள்ள இலங்கை அகதிகள் 1983 முதல் அலை அலையாக ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக மாவட்டங்களுக்குப் பிரிந்தவர்கள். 2021இல் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, ரூ.317 கோடிக்குத் திட்டங்களை அறிவித்தது. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984 முதல் அகதிகளையே ஊழியர்களாகக் கொண்டு வேலை செய்துவருகிறது. இயேசு சபை அகதிகள் பணி, முகாம் பிள்ளைகளின் மாலைநேரப் படிப்பில் கவனம் வைத்தது.

இங்கே போர் நினைவு மட்டும் அழுத்துவதில்லை. பத்துக்குப் பத்து அறை, வருகைப் பதிவு, முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவுப் போலீஸ், இங்கேயே பிறந்து படித்தும் குடியுரிமை இல்லாத பிள்ளை. அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இவர்களுக்கு இடமில்லை. கென்னத் மில்லர், ஆண்ட்ரூ ராஸ்முசன் என்ற ஆய்வாளர்கள் 2010இல் எடுத்துச்சொன்னது இங்கே பொருந்தும்: போரில் நடந்ததைப் போலவே அன்றாட நெருக்கடிகளும் மனத்தைக் குலைக்கின்றன, பழையதை மட்டும் தோண்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஆகவே முகாமுக்குப் போகும் கன்னியாஸ்திரீக்கு ஆலோசனைக் கலையோடு, கல்லூரி விண்ணப்பம் எப்படி நிரப்புவது, கலெக்டர் அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போவது என்பதும் தெரிய வேண்டும். இன்னொன்று: நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் குறிப்பெழுதக் கூடாது. போலீஸ் விசாரணையில் வளர்ந்தவர்கள் முன்னால் பேனாவைத் திறந்தால் பேச்சு அடைபடும்.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போக முடியாத சைவக் குடும்பம் ராமேசுவரத்தில் எள்ளும் தண்ணீரும் இறைக்க நினைக்கலாம். முகாமை விட்டு வெளியே போக அனுமதி வேண்டும், பஸ் காசு வேண்டும். ஒரு கிறிஸ்தவ ஊழியர் அதற்கு மனு எழுதிக் கொடுப்பதைவிடச் சிறந்த மனக்காயப் பராமரிப்பு எனக்குத் தோன்றவில்லை. மனச்சிதைவு, தற்கொலை எண்ணம், வலிப்பு என்றால் நேராக மாவட்டத் தலைமை மருத்துவமனை. ஜெபித்தாயிற்று, மாத்திரையை நிறுத்து என்று சொல்கிறவரை அடுத்த நாளே பணியிலிருந்து விலக்க வேண்டும். இதில் பண்பாட்டுச் சலுகை எதுவும் கிடையாது.

ஊழியரை யார் பார்ப்பது?

வடகிழக்கின் குருமார் இந்தப் போரை வேடிக்கை பார்த்தவர்கள் இல்லை. மட்டக்களப்பில் அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹீபர்ட் 1990 ஆகஸ்டில் காணாமல் போனார். அல்லைப்பிட்டிப் பங்குக் குரு ஜிம் பிரவுன், ஷெல்லுக்குப் பயந்து வந்தவர்களைத் தேவாலயத்தில் வைத்துக் காத்த சில நாட்களில், 2006 ஆகஸ்ட் 20 அன்று உதவியாளரோடு காணாமல் போனார். பிரான்சிஸ் ஜோசப் அடிகள் 2009 மே மாதம் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போனவர், திரும்பவில்லை. தப்பிய குருக்களும் கன்னியரும் பதுங்கு குழிகளில் ஜனங்களோடு இருந்தவர்கள். அவர்கள் கேட்ட கதைகளும் பார்த்த உடல்களும் அவர்களுக்குள்தான் இருக்கின்றன. மறைமாவட்டங்களில் ஆண்டுத் தியானம் உண்டு; அதில் மௌனம் உண்டு, பிரசங்கம் உண்டு. இவர்கள் வாய்விட்டு அழ ஓர் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது ஆயரின் பொறுப்பு.

பயிற்சிகளின் பெரிய ஓட்டையும் இங்கேதான். மூன்று நாள் வகுப்பு, மதிய பிரியாணி, ஒரு சான்றிதழ், குழுப்படம். அதற்குப் பிறகு அந்த ஊழியர் கேட்கிற கதைகளை மாதம் ஒருமுறை உட்கார்ந்து கேட்க அனுபவசாலி ஒருவர் இல்லையென்றால் அந்தச் சான்றிதழ் ஆபத்தானது. குறுகிய பயிற்சியே கூடாது என்றும் இல்லை. உகாண்டாவின் ரைனோ முகாமில் 694 தென்சூடான் அகதிப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. ஒலிப்பதிவையும் படப் புத்தகத்தையும் கொண்டு, குறுகிய காலப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் நடத்திய ஐந்தே அமர்வுகளை அது சோதித்தது. மனவுளைச்சல் குறைந்தது. ஆனால் அங்கே என்ன சொல்ல வேண்டும் என்பது பதிவில் இருந்தது, நடத்தியவருக்கு மேற்பார்வை இருந்தது, அவர்கள் அந்த இடத்திலேயே இருந்தார்கள்.

நம் சபைகளில் இருக்க விடுவதில்லை. ஒரு குரு ஐந்தாண்டு ஒரு பங்கில் இருந்து, ஜனங்கள் வாய்திறக்கத் தொடங்கும் நேரத்தில் மாற்றல் பட்டியல் வந்துவிடும். சிஸ்டருக்கு இன்னும் சீக்கிரம் வரும். சொன்னதையெல்லாம் எடுத்துக்கொண்டு அவர் இன்னோர் ஊருக்குப் போய்விடுகிறார். சொன்னவர், புதிதாக வருகிறவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும், பெரும்பாலும் தொடங்க மாட்டார். ஆகவே காசும் நேரமும் இருக்கிற சபைகள் அடுத்த பயிற்சிக்கு ஆள் சேர்க்கும்போது, முன்வரிசையில் அங்கி போட்டவர்களை உட்காரவைப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அன்பியம் என்ற பங்குச் சிறுகுழுவை நடத்தும் அக்கா, முகாம் பாலர் பள்ளி டீச்சர், கோயில் துப்புரவு பார்க்கும் அம்மா ஆகியோர் எந்தப் பட்டியலிலும் இடம் மாறுவதில்லை. அவர்களை அழைக்கலாம். அழைத்தால் கூலி போகும் நாளுக்குப் பணமும் கொடுக்க வேண்டும்.